120 குதிரை... 12 கிலோமீட்டர் வேகம்!

காலை எட்டே முக்கால். அம்பத்தூர் ஓ.டி. சி.டி.எச். ரோட்டில் என் கார் நிற்கிறது. முன்னால் தண்ணி லாரி, பின்னால் காலேஜ் பஸ், இடது பக்கம் ஷேர் ஆட்டோ. அந்த ஆட்டோ அண்ணன் தலையை வெளியே நீட்டி, என் காரின் சிவப்புக் கோட்டையும் ரெட்டைப் புகைக்குழாயையும் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, எவ்ளோ போகும்?"

"நூத்தி எண்பது போகும்ணே!"

"இப்போ எவ்ளோ போவுது?"

மீட்டரைப் பார்த்தேன். "பன்னெண்டுண்ணே..."

"சரி வுடு, நான் முன்னாடி போறேன்!" என்று சிரித்துக்கொண்டே சந்துக்குள் சந்து போட்டுப் போயே போய்விட்டார். அஞ்சு மாசமாக என் வாழ்க்கை இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது மக்களே!

'கார் வாங்கிட்டீங்களாமே, ட்ரீட் எங்கே?' என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். 'எனக்கும் ஒரு ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வாங்கணும்னு வெறி. ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று கேட்ட தம்பி தங்கைகள் இன்னொரு பக்கம். ட்ரீட் கேட்டவர்கள் மன்னிக்கவும், காரணம் கட்டுரையிலேயே வரும். ஒரு வார்த்தை கேட்டவர்களுக்கு... கொஞ்சம் நிறைய வார்த்தையாகவே சொல்கிறேன்.

நம்ம ஊர்ப் பிள்ளை!

வண்டி, ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021 மாடல், செகண்ட் ஹேண்ட். 22,000 கிலோமீட்டர் ஓடியதை வாங்கி, இதுவரை 4,800 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

இந்தியாவில் ஹேட்ச்பேக்குக்கு 'ஸ்போர்ட்டி' ஆசை வந்தது புதுசு இல்லை. ஃபோக்ஸ்வாகன் 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ கொண்டுவந்தது. 2015-ல் ஃபியட், 145 குதிரைத்திறனோடு அபார்த் புன்ட்டோ இறக்கியது. 2017-ல் மாருதியின் பலேனோ ஆர்எஸ். 2021 செப்டம்பரில் இந்த என் லைன். 2024-ல் டாடாவின் அல்ட்ராஸ் ரேசர். இதில் பல வண்டிகள் கொஞ்ச வருஷத்திலேயே விடைபெற்றுவிட்டன. நம் ஊரில் இந்த ஜாதி காருக்கு ரசிகர் அதிகம், வாங்குபவர் குறைவு. தியேட்டர் வாசலில் கட்அவுட்டுக்குப் பால் ஊத்திவிட்டு, படத்தை டிவியில் பார்க்கிற கதை!

என் வண்டிக்குள் இருப்பது ஒரே ஒரு லிட்டர் இன்ஜின். மூணே சிலிண்டர். ஆனால், டர்போ இருப்பதால் 120 குதிரைத்திறன். டர்போ என்றால் பயந்துவிட வேண்டாம். இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையைச் சும்மா விடாமல், அதை வைத்தே ஒரு குட்டி விசிறியைச் சுற்ற வைப்பது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்தச் சுற்றில் இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். காற்று அதிகம், அதற்கேற்ற பெட்ரோல், அதற்கேற்ற உதை. இன்னொரு விஷயம், இது நிஜமான 'ஐ20 என்' இல்லை. 204 குதிரைத்திறன் உள்ள அந்த ராட்சசனை ஐரோப்பாவில் விற்றார்கள். நம்முடையது அதன் சித்தப்பா பையன் மாதிரி. முகஜாடை இருக்கும், முழு முரட்டுத்தனம் இருக்காது.

எனக்குப் பிடித்தது வேறு. இந்தக் கார் பிறந்தது இருங்காட்டுக்கோட்டையில். பூந்தமல்லியில் பஸ் ஏறி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம் என்று போனால் வந்துவிடும். 1998-ல் சான்ட்ரோ வெளிவந்த அதே தொழிற்சாலை. சுற்றிப் பாருங்கள்... ஆவடியில் டாங்க் செய்கிறார்கள், 1965-ல் விஜயந்தா டாங்க் முதலில் வெளியே வந்ததே அங்கேதான். பாடியில் பிரேக்கும் வீலும் செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. காருக்கு வேண்டிய அத்தனையும் நம்ம ஏரியாவில் செய்வார்கள். செய்கிற ஆட்கள் மட்டும் காலையில் லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு போவார்கள்.

எங்கப்பாவும் அப்படி ஒருத்தர்தான். பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் 31 வருஷம் பிரேக் பாகங்கள் செய்தார். முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் 50. எங்கள் வீட்டு வாசலில் நின்ற முதல் கார் இதுதான்.

இல்லாத கிளட்ச்!

முதல் மாசம் முழுக்க சீன்தான், ஒப்புக்கொள்கிறேன். திருமுல்லைவாயலில் என் தெருவில் கார் திரும்பும்போது, தேவையே இல்லாமல் ஒரு கியர் குறைப்பேன். புகைக்குழாய் 'உர்ர்' என்று ஒரு குரல் கொடுக்கும். கிரிக்கெட் ஆடுகிற பொடியன்கள் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். அந்த ஒரு விநாடி சுகத்துக்குத்தான் இ.எம்.ஐ. என்று எனக்கு அப்போது தோன்றியது.

என் மாடலில் ஒரு வேடிக்கை உண்டு. கியர் இருக்கும், கிளட்ச் பெடல் இருக்காது! 'ஐஎம்டி' என்று பெயர். கியர் கம்பியில் கை வைத்து நகர்த்தினால், அதிலுள்ள சென்சார் 'தம்பி கியர் மாத்தப் போறான்' என்று புரிந்துகொண்டு, தானே கிளட்சை விடுவித்துவிடும். 2023-ல் இதை எடுத்துவிட்டு, வழக்கமான கிளட்ச் உள்ள மேனுவல் கியரையே கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, நம்மது மியூசியம் பீஸ்.

அப்பா முதல் நாள் ஓட்ட உட்கார்ந்தார். கம்பெனி வேனை எப்போதாவது ஓட்டிய லைசென்ஸ். இடது கால் தரையைத் தேடுது, தேடுது, தேடிக்கிட்டே இருக்கு.

"டேய், கிளட்ச்சை எங்கடா வெச்சான்?"

"இல்லப்பா."

"இல்லையா? செகண்ட் ஹேண்ட்ல கழட்டிட்டு வித்துட்டானா?"

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பர்ஸ் பேசுகிறது

ரெண்டாவது மாசம் கணக்கு நோட்டு பேச ஆரம்பித்தது. இ.எம்.ஐ. 14,000. பெட்ரோல் 8,000. இன்ஷூரன்ஸைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாசத்துக்கு 2,500 வருகிறது. ஆக, 24,500 ரூபாய். டயர், சர்வீஸ் தனி. (ட்ரீட் கேட்ட நண்பர்களே, இப்போ புரியுதா?)

ஊருக்குள் லிட்டருக்கு 9 கொடுக்கிறது. காலியான ரோட்டில் 15. இதில் வண்டியைக் குறை சொல்ல முடியாது. நின்று நின்று போகிற ரோட்டில் டர்போவுக்கு வேலையே இல்லை, தூங்கிக்கொண்டிருக்கும். நாம்தான் சும்மா இருக்காமல், பத்தடி இடைவெளி கிடைத்தால்கூட மிதித்து அதை எழுப்பி, உடனே பிரேக் போட்டு மறுபடி படுக்க வைப்போம். எழுப்பிய ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் காலி. 37 லிட்டர் டேங்க்தான், முள் கீழே வருவது கண்ணுக்கே தெரியும்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாசம் 960 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இதில் ஆபீஸ் போய்வருவது 300 மட்டும்தான். மீதி 660? 'சும்மா' போனது! டீ குடிக்க, ஜூனியர்களுக்குக் காட்ட, 'ஒரு ரவுண்டு போலாம் வா மச்சி' என்று சுற்ற. அதே ஆபீஸுக்குத் திருமுல்லைவாயலிலிருந்து பட்டரவாக்கம் வரை லோக்கல் ட்ரெயினில் போனால் டிக்கெட் அஞ்சே ரூபாய்!

ஸ்போர்ட்டி என்றால் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். வளைவில் வண்டி சாயாமல் இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது. ஆவடி – பூந்தமல்லி ரோட்டில் பருத்திப்பட்டு தாண்டினால், பெயின்ட் அடிக்காத ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் முதுகெலும்பில் கையெழுத்துப் போடும். இப்போது எனக்கு அந்த ரோட்டின் பள்ளங்கள் மனப்பாடம். செமஸ்டருக்கு இந்த அளவு படித்திருந்தால் கோல்டு மெடல் வாங்கியிருப்பேன்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டே ஏரியானது ஞாபகம் இருக்கும். தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அதை அமுக்கவே முடியாது. உள்ளே இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜின் காலி. இறங்கித் தள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேருங்கள். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் வருவது கஷ்டம்.

அந்த ராத்திரி

இதுவரை சொன்னது எல்லாரும் சொல்வது. இனிமேல் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரம் யோசித்தேன்.

மூணாவது மாசம். என் பழைய காலேஜில் கல்ச்சுரல்ஸ். முடிந்ததும் ரெண்டு ஜூனியர் பசங்களை ஏற்றிக்கொண்டு நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறினேன், பூந்தமல்லி பக்கம். மணி பத்தரை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடுகிற ரோடு. பகலெல்லாம் பன்னிரண்டில் ஊர்ந்தவனுக்கு, அந்த அகலத்தைப் பார்த்தால் கால் சும்மா இருக்குமா?

"அண்ணா, கொஞ்சம் போடுங்கண்ணா!"

போட்டேன். டர்போ விழித்துக்கொண்டது. முதுகு சீட்டில் ஒட்டியது. பின்னால் பசங்க 'ஓ' என்று கத்தினார்கள். 100... 110... 120. போர்டில் என்ன வேகம் எழுதியிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

வெளிச்சத்தின் விளிம்பில் என்னமோ அசைந்தது. சைக்கிள். உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற ஒரு பெரியவர்.

முழு பலத்தோடு மிதித்தேன். பெடல் காலுக்கடியில் 'கடகட'வென்று அதிர்ந்தது. ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று அர்த்தம். பின்னால் இருந்த ஒருத்தன் என் சீட் மேல் வந்து மோதினான், பெல்ட் போடவில்லை. கார் நின்றது. பெரியவருக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு கார் நீளம்கூட இல்லை.

நீலச் சட்டை. செக்யூரிட்டி யூனிஃபார்ம். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. 'மன்னிச்சுக்கப்பா' என்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். தப்பு செய்தவன் நான், கையைத் தூக்கியவர் அவர்.

பூந்தமல்லி வரும்வரை காருக்குள் யாரும் பேசவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தணும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

டிபன் பாக்ஸ் சாட்சி

வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஞாயித்துக்கிழமை அப்பா கார் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வாராந்திர பூஜை. டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டவர், அம்மாவின் எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்தார். மூலை நசுங்கியிருந்தது.

"இதைப் பின்சீட்லதானடா வெச்சிருந்தே?"

"ஆமாப்பா."

"இங்க எப்படி வந்துச்சு?"

31 வருஷம் பிரேக் செய்தவரிடம் இதற்கு என்ன கதை விடுவது? சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அடி விழும், சாவியைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எத்தனை மீட்டர்ல நின்னுச்சு?"

"தெரியலப்பா."

"எத்தனை விநாடில நூறு போகும்?"

அதை மட்டும் டக்கென்று சொன்னேன், பாயின்ட் வரைக்கும்.

டிபன் பாக்ஸின் நசுங்கிய மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாக, "நானும் பதினோரு வருஷம் நைட் ஷிஃப்ட்டுக்கு சைக்கிள்லதான் போனேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்து, "வண்டிய எடு" என்றார்.

பட்டாபிராம் தாண்டி, பிளாட் போட்டு வெள்ளைக் கல் நட்டு வீடே வராத ஒரு லேஅவுட். ஆள் நடமாட்டம் இல்லை. அப்பா ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். "40-ல வா. கோட்டைத் தொட்டதும் முழுசா மிதி" என்றார். வந்தேன், மிதித்தேன், நின்றது. கோட்டிலிருந்து கார் வரை அடி வைத்து நடந்தார். பத்து அடி.

"இப்போ 60."

22 அடி.

"வேகம் ஒன்றரை மடங்குதான் ஏத்தினே. தூரம் ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு பார்த்தியா? இப்போ 120-க்கு நீயே கணக்குப் போடு."

ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். வேகம் ரெண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. 88 அடி. அப்பாவின் ஓர் அடி முக்கால் மீட்டர் என்று வைத்தால் 66 மீட்டர். இது காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், மிதித்த பிறகு. மிதிப்பதற்கு முன்னாடி? கண் பார்த்து, மூளை புரிந்து, கால் நகர ஒரு விநாடி போய்விடும். 120-ல் அந்த ஒரு விநாடிக்குள் கார் 33 மீட்டர் போயிருக்கும், பிரேக்கே பிடிக்காமல். மொத்தம் நூறு மீட்டரைத் தொடும். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர். அஞ்சு பிட்ச்சை வரிசையாகப் போட்டு யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசி ஸ்டம்ப்பில் ஒருத்தர் சைக்கிளோடு நிற்கிறார்.

சாதாரண ஹெட்லைட்டில், இருட்டு ரோட்டில், நூறு மீட்டருக்கு அப்பால் கருநீலச் சட்டை தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் நின்றது என் திறமை இல்லை. அவர் இன்னும் அஞ்சு அடி இந்தப் பக்கம் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையே வேறு மாதிரி, வேறு பக்கத்தில் வந்திருக்கும்.

இப்போ எப்படி?

காரை விற்கவில்லை. சத்தியமாகப் பிடித்திருக்கிறது. ஆனால், பிடித்திருக்கிற காரணம் மாறிவிட்டது. ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சரைக்கு செம்பரம்பாக்கம் பக்கம் டீக்கடைக்குப் போவேன். 50-60 வேகத்தில், மூணாவது கியரில் ஒரு வளைவுக்குள் நுழைந்து வெளியே வரும்போது, ஸ்டீயரிங் கையில் பேசும் பாருங்கள்... அதற்கு 120 தேவையே இல்லை. ஸ்போர்ட்டி காரின் நல்ல குணங்களில் முக்கால்வாசி, சாதாரண வேகத்திலேயே கிடைக்கிறது. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்திருப்பதும், வண்டி சாயாமல் நிற்பதும் அந்த வகைதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூணு மாசம் ஆனது.

'இல்லைண்ணா, எனக்கு வேகம்தான் வேணும்' என்கிறீர்களா? தப்பே இல்லை. அதற்கும் நம்ம ஏரியாவிலேயே இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக். சுமார் 3.7 கிலோமீட்டர். நம் கார் பிறந்த அதே ஊர்! ஹெல்மெட் போட்டு, டிராக்கில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எதிரே சைக்கிள் வராது.

வாங்கப்போகிறவர்களுக்கு நாலே விஷயம். ஒண்ணு, இ.எம்.ஐ.யை மட்டும் பார்க்காதீர்கள். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். ரெண்டு, சைலன்ஸரை மாற்றி ஊரை எழுப்பாதீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-லேயே சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் கேட்டுப் போகும்போதும் அது உதைக்கும். மூணு, பின்சீட்டில் உட்காருகிறவனும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும் என்று சொல்லுங்கள். நாலு, டெஸ்ட் டிரைவில் 'எவ்ளோ வேகம் போகும்' என்று பார்க்கிற அதே ஆர்வத்தோடு, பிரேக்கையும் ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்.

அந்த ஜூனியர் பசங்க போன வாரம் போன் பண்ணினார்கள். "அண்ணா, ஒரு ரவுண்டு?" "வாங்கடா, ஆனா டிரைவர் வேற" என்றேன்.

அப்பாதான் ஓட்டினார். அதே அவுட்டர் ரிங் ரோடு. முள் 60-ஐத் தாண்டவில்லை. பின்னால் ரெண்டு பேரும் பெல்ட் போட்டு, ஸ்கூல் வேனில் போகிற எல்.கே.ஜி. பசங்க மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கியருக்கும் அப்பாவின் இடது கால் மட்டும், இல்லாத கிளட்சை இன்னும் மிதித்துக்கொண்டே வந்தது.

சைக்கிள் கடந்த அந்த இடம் வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால், அப்பா காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!